பன்றிச் சிறுநீரகம் மனிதருக்கு: டயாலிசிஸ் அறை வாசலில் கேட்ட கேள்விகள்

என் அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உள்ளே போகும் முன் எடை பார்ப்பார்கள், முடிந்து வரும்போதும் எடை பார்ப்பார்கள். நடுவில் இருந்த நாட்களில் உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் தேங்கியது என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும். ஒரு நாளைக்கு அவள் குடிக்கக்கூடிய தண்ணீர் சமையலறை மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பில் அளந்து வைத்திருக்கும். மாத்திரை, காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். மே மாதத்தில் சொம்பு மதியத்துக்குள் காலியாகிவிடும். அப்புறம் ராத்திரி வரை ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் எங்களுக்குள் எல்லாப் பேச்சும் நடக்கும். அப்படி ஒருநாள் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டினார். "பன்றி கிட்னி வந்தாச்சு, இனிமே டயாலிசிஸே வேண்டாம்" என்று அதில் ஒரு குரல் சொன்னது. அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் முடியவில்லை. நான் மருத்துவர் இல்லை. ஆனால் 2022 முதல் இதை விடாமல் படித்து வருகிறேன், புரியாததை அக்காவின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் இருப்பது 2025 கடைசி வரையிலான நிலவரம்.

நிஜமாகவே பன்றியின் சிறுநீரகத்தை உயிரோடு இருக்கும் மனிதருக்கு வைத்திருக்கிறார்களா?

ஆமாம். முதல் முறையாக 2024 மார்ச் 16 அன்று, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில். நோயாளியின் பெயர் ரிச்சர்ட் ஸ்லேமன், வயது 62. அவருடைய கதையைக் கேட்டால் நம் வார்டில் இருக்கும் ஒருவருடைய கதை மாதிரியே இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏழு வருட டயாலிசிஸ். 2018இல் மனிதச் சிறுநீரகம் கிடைத்தது. ஐந்து வருடத்தில் அதுவும் தளர்ந்து, 2023இல் திரும்ப டயாலிசிஸ். ரத்தக்குழாய் மறுபடி மறுபடி அடைத்துக்கொண்டதால் அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைக்கும் ரத்தக்குழாயான ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்ட நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சை சுமார் நான்கு மணி நேரம் நடந்தது. ரத்தக்குழாய்களை இணைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும் வெளிறிக் கிடந்த சிறுநீரகம் இளஞ்சிவப்பாக மாறியது, மேஜையிலேயே சிறுநீர் வரத் தொடங்கியது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவைக் காட்டும் கிரியேட்டினின் 11.8 இருந்தது, ஆறாம் நாள் 2.2க்கு வந்தது. இந்த எண்ணைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

இறந்துவிட்டார். அறுவை முடிந்த 52ஆம் நாள். பன்றிச் சிறுநீரகம் செயலிழந்ததால் அல்ல. அவருக்கு ஏற்கெனவே இருந்த இதய நோயால் ஏற்பட்ட திடீர் மரணம். பிரேதப் பரிசோதனையில் சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்ததற்கான அடையாளம் இல்லை. எட்டாம் நாளில் ஒரு நிராகரிப்பு தலைகாட்டியது, மருந்து கொடுத்து அதை அடக்கிவிட்டிருந்தார்கள்.

வாட்ஸ்அப் வீடியோ இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. மேஜையில் சிறுநீர் வந்ததோடு முடித்துவிடுகிறது. முழுவதையும் தெரிந்துகொள்வது நம் உரிமை என்று நினைக்கிறேன்.

அவருக்குப் பிறகு?

2024 ஏப்ரலில் நியூயார்க்கில் 54 வயதுப் பெண் ஒருவருக்கு வைத்தார்கள். அவருக்கு இதயமும் பழுது, இதயத்துக்கு ஒரு பம்பும் பொருத்தினார்கள். ரத்த ஓட்டம் போதாமல் சிறுநீரகம் கெட்டு, 47 நாளில் எடுக்கப்பட்டது. ஜூலையில் அவர் இறந்தார்.

அடுத்தவர் அலபாமாவைச் சேர்ந்த டோவானா லூனி, வயது 53. அவர் 1999இல் தன் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவர். பின்னால் கர்ப்ப காலத்தில் வந்த ரத்த அழுத்தம் மிச்சமிருந்த ஒன்றையும் பாதித்தது. 2016 கடைசியிலிருந்து டயாலிசிஸ். வேற்று உறுப்பைத் தாக்கும் எதிரணுக்கள் அவர் ரத்தத்தில் அதிகம் என்பதால் பொருந்தும் மனிதச் சிறுநீரகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. 2024 நவம்பர் 25 அன்று நியூயார்க்கின் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையில் ராபர்ட் மான்ட்கோமரி தலைமையிலான குழு பன்றிச் சிறுநீரகம் வைத்தது. பதினொரு நாளில் வெளியே வந்தார். 130 நாள் டயாலிசிஸ் இல்லாமல் இருந்தார். அப்புறம் ஒரு தொற்று வந்தது. அதைச் சமாளிக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், அந்த இடைவெளியில் உடம்பு சிறுநீரகத்தை நிராகரித்துவிட்டது. 2025 ஏப்ரல் 4 அன்று எடுத்துவிட்டார்கள். மறுபடி டயாலிசிஸுக்குப் போனார்.

பாஸ்டனில் 2025 ஜனவரியில் டிம் ஆண்ட்ரூஸ் என்ற 66 வயதுக்காரருக்கு வைத்தது 271 நாள் வேலை செய்தது. உயிரோடு இருக்கும் மனிதர்களில் அதுவரை யாரிடமும் அவ்வளவு நாள் ஓடியதில்லை. தனக்குச் சிறுநீரகம் தந்த பன்றியை அவர் வில்மா என்று பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார். அக்டோபரில் செயல்பாடு குறைந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

271 நாள் என்றால் நம் கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் இல்லாமல் போனது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அதே சமயம், நன்றாகப் பொருந்திய மனிதச் சிறுநீரகம் பத்து, பதினைந்து வருடம் ஓடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்த வைத்தியம் எங்கே நிற்கிறது என்பது புரிந்துவிடும்.

குரங்குதானே நமக்கு நெருக்கம்? ஏன் பன்றி?

முதலில் குரங்கைத்தான் முயன்றார்கள். 1963, 64இல் நியூ ஆர்லியன்ஸில் கீத் ரீம்ட்ஸ்மா என்ற மருத்துவர் 13 பேருக்குச் சிம்பன்சியின் சிறுநீரகங்களை வைத்தார். அப்போது டயாலிசிஸ் எல்லோருக்கும் கிடைக்காது, இறந்தவர்களிடமிருந்து உறுப்பு எடுக்கும் ஏற்பாடும் கிடையாது. பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தார்கள். ஒரு இளம் ஆசிரியை மட்டும் ஒன்பது மாதம் வாழ்ந்தார், வேலைக்குக்கூடத் திரும்பினார். 1984இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் இதயக் குறையோடு பிறந்த ஒரு பச்சிளங் குழந்தைக்குப் பபூன் குரங்கின் இதயத்தை வைத்தார்கள். மூன்று வாரம் இருந்தது அந்தக் குழந்தை.

அப்புறம் ஏன் விட்டார்கள்? நெருங்கிய உறவு என்பதே ஆபத்து: குரங்கின் வைரஸ்கள் மனிதருக்குச் சுலபமாகத் தாவும். குரங்கு மெதுவாக வளரும், ஒன்றிரண்டுதான் ஈனும், பபூனின் உறுப்பு பெரியவர்களுக்குப் போதாது. சிம்பன்சி அழியும் நிலையில் இருக்கிறது. பன்றியோ 114 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு எட்டு பத்துக் குட்டி, ஆறேழு மாதத்தில் மனிதருக்குப் பொருந்தும் அளவில் உறுப்பு வளர்ந்துவிடும். இதயமும் சிறுநீரகமும் அமைப்பில் நம்முடையதை ஒத்தவை.

பன்றி மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. மனித இன்சுலினை ஆய்வகத்தில் தயாரிக்கும் காலம் வரும் முன் நம் தாத்தாக்கள் போட்டுக்கொண்ட இன்சுலின் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து வந்ததுதான். டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிறார்களே ஹெபாரின், அதுவும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. இதை பெஞ்சில் சொன்னபோது ஒரு அம்மா தன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாதாரணப் பன்றியின் உறுப்பை அப்படியே வைத்தால் என்ன ஆகும்?

சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கறுத்துப்போகும்.

காரணம் ஒரு சர்க்கரை. பன்றியின் ரத்தக்குழாய் உட்சுவரில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைத் துணுக்கு பூசினாற்போல இருக்கும். ஆடு, மாடு எல்லாவற்றிலும் உண்டு. மனிதரிலும் ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளிலும் கிடையாது. இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரிடம் அதைச் செய்யும் மரபணு செயலிழந்துவிட்டது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் அந்தச் சர்க்கரை உண்டு என்பதால், பிறந்த சில மாதங்களிலேயே அதை எதிர்க்கும் எதிரணுக்கள் நம் ரத்தத்தில் தயாராகிவிடுகின்றன. பன்றி உறுப்பை இணைத்த உடனே அவை அந்தச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். சுவர் ஓட்டையாகி, ரத்தம் உறைந்து, உறுப்பு செத்துப்போகும். சாதாரண நிராகரிப்பு நாட்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. இது கண்முன்னே நடப்பது.

தோட்டத்தில் ஒட்டு மாங்கன்று கட்டுகிறோமே, அது மாதிரிதானே என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. மரத்துக்கு நம்மைப் போல வேற்று உடம்பை அடையாளம் கண்டு துரத்தும் ரத்தம் கிடையாது. அதனால்தான் அங்கே ஒட்டு பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் மரபணுவில் என்ன மாற்றுகிறார்கள்?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதுதான் விஷயத்தின் மையம்.

முதல் வேலை நீக்குவது. ஆல்ஃபா-கால் உட்பட, நம் எதிரணுக்கள் பிடித்துக்கொள்ளும் மூன்று சர்க்கரைகளைச் செய்யும் மரபணுக்களை முடக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது வேலை சேர்ப்பது. ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் மனிதப் புரதங்கள், நோய் எதிர்ப்புத் தாக்குதலைத் தணிக்கும் மனிதப் புரதங்கள் ஆகியவற்றின் மரபணுக்களைப் பன்றிக்குள் நுழைக்கிறார்கள். "இது நம்ம ஆள்தான்" என்று அந்த உறுப்பு நம் ரத்தத்திடம் சொல்வதற்கு.

வர்ஜீனியாவின் ரெவிவிகார் நிறுவனத்துப் பன்றியில் மொத்தம் 10 மாற்றம்: நான்கு முடக்கம், ஆறு சேர்ப்பு. நான்காவதாக முடக்குவது, வளர்ச்சி ஹார்மோனின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை. ஏனென்றால் பன்றியின் உறுப்பு மனிதருக்குள் வந்த பிறகும் பன்றியின் வேகத்திலேயே வளரப் பார்க்கும். பபூன்களுக்கு வைத்துப் பார்த்தபோது இதயம் நெஞ்சுக்கூட்டை அடைக்கும் அளவுக்குப் பெருத்தது. ஸ்லேமனுக்கும் ஆண்ட்ரூஸுக்கும் கிடைத்தது இஜெனசிஸ் என்ற நிறுவனத்துப் பன்றியிலிருந்து. அதில் 69 மாற்றங்கள். மூன்று முடக்கம், ஏழு மனித மரபணுச் சேர்ப்பு, மீதி 59 பன்றியின் மரபணுவுக்குள்ளேயே பரம்பரையாகப் புதைந்திருக்கும் வைரஸ் துண்டுகளைச் செயலிழக்கச் செய்தது. அவ்வளவு மாற்றம் ஒரே பன்றியில் சாத்தியமானது கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை வந்த பிறகுதான்.

செய்யும் விதம் இது: பன்றியின் ஒரு உடல் செல்லை எடுத்து ஆய்வகத்தில் மாற்றங்களைச் செய்வார்கள். அதன் உட்கருவை, உட்கரு நீக்கிய ஒரு கருமுட்டைக்குள் வைத்து, தாய்ப்பன்றியின் கருப்பையில் வளர்ப்பார்கள். டாலி செம்மறியாடு பிறந்ததும் இந்த முறையில்தான். டாலியோடு சம்பந்தப்பட்ட நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்ததுதான் ரெவிவிகார்.

இதயம் வைத்தார்களே, அது என்ன ஆச்சு?

2022 ஜனவரி 7. பால்டிமோரில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம். டேவிட் பென்னட், வயது 57. இயந்திரத்தின் உதவியில் படுத்த படுக்கையாக இருந்தார், மனித இதயத்துக்கான பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை. சாவதா, இதை முயல்வதா என்ற நிலையில் சம்மதித்தார். அறுவை செய்தவர் பார்ட்லி கிரிஃபித், ஆராய்ச்சியை நடத்தியவர் முகம்மது மொகியுதீன். முதல் சில வாரங்கள் இதயம் நன்றாகவே துடித்தது. இரண்டாம் மாதம் தளர்ந்தது. மார்ச் 8 அன்று பென்னட் இறந்தார்.

பிறகு தெரிந்தது: அந்த இதயத்தில் பன்றிகளுக்கு வரும் சைட்டோமெகலோ வைரஸ் ஒளிந்திருந்தது. பன்றியின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது சிக்கவில்லை, ஏனென்றால் அது உறுப்புக்குள் உறங்கிக் கிடந்தது. பென்னட்டின் மரணத்துக்கு அது மட்டுமே காரணம் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. பல காரணங்களில் ஒன்று என்றுதான் எழுதினார்கள். ஆனால் அதற்குப் பிறகு பன்றிகளைச் சோதிக்கும் முறை கடுமையானது. பின்னால் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் பென்னட் விட்டுப்போனது அது.

2023 செப்டம்பரில் அதே இடத்தில் இன்னொருவருக்கு வைத்தார்கள். அவர் ஏறக்குறைய ஆறு வாரம் வாழ்ந்தார்.

பன்றியின் நோய் நமக்கு வந்து, ஊருக்கே பரவாதா?

கொரோனாவைப் பார்த்த நமக்கு இந்தப் பயம் வருவது சரிதான், மருத்துவர்களுக்கும் இருக்கிறது. அதனால் இந்தப் பன்றிகள் நாம் தெருவில் பார்க்கும் பன்றிகள் போல வளர்வதில்லை. வடிகட்டிய காற்று, சோதித்த தீவனம், குளித்து உடை மாற்றிய பிறகே உள்ளே நுழையும் பணியாளர்கள். தாயின் வயிற்றை அறுவை செய்து குட்டிகளை எடுத்து, தாயிடமிருந்து பிரித்தே வளர்க்கிறார்கள், தாயின் கிருமி ஒட்டக்கூடாது என்று.

நோயாளிக்கும் கட்டுப்பாடு உண்டு. வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த மாதிரி, யாருக்கும் ரத்த தானம் செய்யக்கூடாது. கூட வாழ்பவர்களுக்கும் விளக்கிச் சொல்வார்கள். மரபணுவில் புதைந்த வைரஸ் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். இதுவரை உறுப்பு பெற்ற யாருக்கும் அது தொற்றியதாகத் தெரியவரவில்லை. ஆனால் உறுப்பு பெற்றவர்களே சிலர்தான், ஆகவே "ஆபத்தே இல்லை" என்று இப்போதே சொல்வது நேர்மையாகாது.

இந்தியாவில் யாராவது முயன்றார்களா?

முயன்றார்கள், அது ஒரு வேதனையான கதை. 1997இல் அசாமில் குவாஹாட்டிக்கு அருகே சோனாபூரில் தனிராம் பருவா என்ற இதய அறுவை மருத்துவர், ஹாங்காங் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் வைத்தார். ஏழாம் நாள் நோயாளி இறந்தார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் பருவா கைதாகி 40 நாள் சிறையில் இருந்தார்.

2022இல் பென்னட் செய்தி வந்தபோது, "நம்ம ஆள் 25 வருஷம் முன்னாடியே செய்தார், அமெரிக்கா இப்பத்தான் செய்யுது" என்று பலர் பெருமையாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1997இல் ஆல்ஃபா-கால் நீக்கிய பன்றி உலகத்திலேயே கிடையாது. 2002இல்தான் பிறந்தது. ஒழுங்கான அனுமதியும் இல்லை, மற்ற மருத்துவர்கள் சரிபார்க்கக்கூடிய ஆய்வுப் பதிவும் இல்லை. கறுத்துப்போகும் என்று தெரிந்த உறுப்பை வைப்பதற்கும், முப்பது வருடம் படிப்படியாகக் காரணத்தைக் களைந்துவிட்டு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஏழு நாட்களில் இருக்கிறது.

பன்றிச் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகத்தின் எல்லா வேலையும் செய்யுமா?

கழிவை வடிகட்டுகிறது, சிறுநீரை வெளியேற்றுகிறது. அது உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஆனால் சிறுநீரகம் ஹார்மோன்களும் சுரக்கும் உறுப்பு. ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினைப் பன்றியும் சுரக்கும், ஆனால் நம் எலும்பு மஜ்ஜை அதைச் சரியாகக் கேட்பதில்லை. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெனின் விஷயத்திலும் இதே பொருத்தக் கோளாறு. ஆகவே இப்போது டயாலிசிஸ் நாளில் போடும் ஈ.பி.ஓ. (எரித்ரோபாய்ட்டின்) ஊசி அப்போதும் தேவைப்படலாம்.

மாத்திரைகள் குறையுமா?

குறையாது, கூடத்தான் செய்யும். மனிதச் சிறுநீரகம் வைத்தவர்கள் நோய் எதிர்ப்பை அடக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் வகை மருந்துகளோடு, எதிர்ப்புச் செல்களுக்கு இடையே போகும் செய்தியைத் தடுக்கும் புதிய ஊசி மருந்துகளும் கொடுக்கிறார்கள். லூனிக்கு நடந்ததைப் பாருங்கள்: மருந்து கூடினால் தொற்று, குறைந்தால் நிராகரிப்பு. அந்தக் கயிற்றின் மேல் நடப்பதுதான் இன்றைய பெரிய சிக்கல்.

பன்றியின் குணம் வந்துவிடுமா? பிள்ளைகளுக்கு அந்த மரபணு போகுமா?

இரண்டும் இல்லை. வைப்பது ஒரு உறுப்பு. அதன் செல்கள் அதற்குள்ளேயே இருக்கும், விந்தணுவையோ கருமுட்டையையோ தொடாது.

மதம் அனுமதிக்குமா?

எங்கள் வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பாய். குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் மொகியுதீனைப் பற்றிச் சொன்னேன். பாகிஸ்தானில் பிறந்த முஸ்லிம், பென்னட்டின் இதய மாற்றுக்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆராய்ச்சியாளர். வேறு விலங்கே கிடைக்கவில்லையா என்று தன் வீட்டிலேயே கேள்வி வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். உயிரைக் காப்பதே பெரிது என்பதுதான் அவர் நிலைப்பாடு. வேறு வழியில்லாத நிலையில் உயிர் காக்க அனுமதி உண்டு என்று சொல்லும் இஸ்லாமிய அறிஞர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். யூத மதத்தில் பன்றியைச் சாப்பிடத்தான் தடை, உயிர் காக்கும் சிகிச்சைக்குத் தடையில்லை என்பது பரவலான கருத்து. நம்மில் சுத்த சைவக்காரர்களுக்கும் சங்கடம் வரும். பன்றித் திசுவால் செய்த இதய வால்வோடு எல்லா மதத்தவரும் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துவேன். முடிவு அவரவருடையது. அதை யாரும் யார் மேலும் திணிக்கக்கூடாது.

அந்தப் பன்றியைக் கொல்வது பாவம் இல்லையா?

அக்காதான் இதைக் கேட்டாள். ஊசியோடு படுத்துக்கொண்டு, இயந்திரத்தைப் பார்த்தபடி.

சுலபமான பதில் என்னிடம் இல்லை. இறைச்சிக்காகக் கோடிக்கணக்கில் கொல்கிறார்களே என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பன்றி புத்தியுள்ள பிராணி, மண்ணில் புரண்டு கூட்டமாக வாழும் பிராணி. அதைத் தாயிடமிருந்து பிரித்து, கழுவித் துடைத்த தரையில், வெயில் படாமல் வளர்க்கிறார்கள். விலங்கு நல அமைப்புகள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. மனிதர்கள் இறந்தபின் உறுப்பைக் கொடுத்தால் இந்தப் பன்றிகளே தேவைப்படாது என்று அவர்கள் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இருந்தும், அந்தச் சொம்பை தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், ஆராய்ச்சியை நிறுத்துங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கல்லீரல், நுரையீரல்?

சீனாவில் முயல்கிறார்கள். 2024இல் சியான் நகரத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவருக்குப் பன்றிக் கல்லீரலைப் பத்து நாள் வைத்துப் பார்த்தார்கள். அன்ஹுய் மாகாணத்தில் 71 வயது நோயாளிக்குத் துணைக் கல்லீரலாக வைத்தது 38ஆம் நாள் எடுக்கப்பட்டது. அவர் மொத்தம் 171 நாள் வாழ்ந்தார். குவாங்சோவில் நுரையீரலை மூளைச்சாவு அடைந்தவருக்கு ஒன்பது நாள் வைத்தார்கள். நுரையீரல்தான் எல்லாவற்றிலும் கடினம்.

எப்போது இங்கே வரும்? எவ்வளவு ஆகும்?

இதுவரை நடந்தவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொருவருக்கும் வேறு வழியில்லை என்று தனித்தனியாகக் கொடுத்த கருணை அனுமதி. முறையான மருத்துவச் சோதனைக்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025இல்தான் அனுமதித்தது. ரெவிவிகாரின் தாய் நிறுவனம் நடத்தும் சோதனையில் முதலில் 6 பேர், எல்லாம் சரியாக இருந்தால் 50 பேர் வரை. 55 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், மனித உறுப்பு கிடைக்க வாய்ப்பில்லாதவராகவோ ஐந்து வருடத்துக்குள் கிடைக்காது என்ற நிலையிலோ இருக்க வேண்டும். ஆறு மாதம் கவனித்த பிறகும் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்வார்கள். ஆகவே இது கடையில் கிடைக்கும் சிகிச்சை அல்ல, இதற்கு விலையும் கிடையாது. யாராவது "பன்றி கிட்னி ஏற்பாடு செய்கிறேன், இவ்வளவு லட்சம்" என்று உங்களிடம் வந்தால் அது மோசடி. ஏஜென்ட்டுகளிடம் வீட்டை விற்று ஏமாந்தவர்கள் ஏற்கெனவே நம் நடுவில் இருக்கிறார்கள்.

இது வரப்போகிறது என்றால் உறுப்பு தானம் இனி எதற்கு?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பயம் தருவது.

அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறுப்புக்காகப் பட்டியலில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் சிறுநீரகத்துக்கு. இந்தியாவில் 2023இல் 18,000க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றங்கள் நடந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உயிரோடு இருப்பவர்கள் கொடுத்தவை. கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: அம்மா, மனைவி, சகோதரி. லூனி கதையைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். எடுக்கும்போது யாரும் "இவளுக்கு நாளைக்கு என்ன ஆகும்" என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 2008இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது ஊரே பேசியது. அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் அந்த இரவில் சரி என்று சொல்லியிருக்கின்றன. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அப்படி ஒருவர் கொடுக்கும் இரண்டு சிறுநீரகமும் இரண்டு பேரை டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து வருடக்கணக்கில் எழுப்பிவிடும். பன்றி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. "எப்படியும் பன்றி வருதே" என்று ஒரு குடும்பம் கையெழுத்துப் போடாமல் போனால், அந்த நாளில் இரண்டு நாற்காலிகள் காலியாகாமல் இருக்கும்.

டயாலிசிஸில் இருக்கும் நான் இப்போது என்ன செய்யலாம்?

மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பட்டியலில் என் பெயர் பதிவாகியிருக்கிறதா, அது செயலில் இருக்கிறதா? என் ரத்தத்தில் எதிரணு அளவு எவ்வளவு? வீட்டில் கொடுக்க முன்வருபவர் ரத்தப் பிரிவு பொருந்தாவிட்டால், இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் வழி உண்டா? பதிவு செய்துவிட்டு வேறு போன் எண்ணுக்கு மாறி, அழைப்பு வந்தபோது கிடைக்காமல் போனவர்கள் உண்டு. எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். பல்லில் சொத்தை, காலில் புண் எதுவும் இருந்தால் இப்போதே சரி செய்துகொள்ளுங்கள். அழைப்பு வரும் ராத்திரியில் ஒரு சின்னத் தொற்று இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் அக்கா பன்றிச் சிறுநீரகத்துக்குச் சம்மதிப்பாரா?

கேட்டேன். "கிரியேட்டினின் 2.2 வந்துச்சுன்னு சொன்னியே, அந்த மனுஷன் அன்னைக்குத் தண்ணி குடிச்சிருப்பார் இல்ல?" என்று திருப்பிக் கேட்டாள். குடித்திருப்பார் என்றேன். அவளுடைய பெயர் பட்டியலில் இருக்கிறது. போனை தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறாள்.